சுழி பார்த்து வாங்கிய ரெக்கார்டு பிளேயர்

கடைக்காரரின் வலது கை துண்டுக்குள் போன மறுகணமே அவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

“ஐயையோ, என்ன ஓய் இது! கூசறது ஓய்! கையை விடும்!”

நாச்சிமுத்துக் கவுண்டர் விடவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கடைக்காரரின் கைமேல் போர்த்தி, அதற்குள் தன் கையையும் நுழைத்து, அவருடைய இரண்டு விரல்களைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். முகம் மட்டும், இது வேறு யாருடைய கையோ என்பதுபோல, மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் விலை பேசுகிற முறை அது. அங்கே வாய் பேசாது, விரல்தான் பேசும். எத்தனை விரலைப் பிடிக்கிறார், எப்படிப் பிடிக்கிறார் என்பதில் விலை இருக்கும். விற்கிறவர் பதிலுக்கு விரலை மாற்றிப் பிடிக்க வேண்டும். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒரு எழவும் தெரியாது. அந்த முறையின் நோக்கமே அதுதான்.

ஆனால் நாங்கள் நின்றது பாலக்காட்டு டவுனில், ரேடியோவும் மின்விசிறியும் விற்கிற ஒரு கடையில். கவுண்டர் விலை பேசியது ஒரு ரெக்கார்டு பிளேயருக்கு.

பக்கத்தில் நின்ற, ஒரு எழவும் தெரியாதவன் நான். எல்லாம் தெரிந்தவன் என்று சொல்லித்தான் என்னைக் கூட்டி வந்திருந்தார்.

முதுகு அறிந்த இயந்திரம்

மலையிலிருந்து நான் இறங்கிய கதையைப் போன வாரம் பாதியில் நிறுத்தியிருந்தேன். மீதி இதுதான். எழுபதுகளின் நடுவாக இருக்கும். எந்த வருஷம் என்று கேட்டுக் கடிதம் எழுதாதீர்கள். காலண்டர் மாட்டிய வீட்டில் நான் அப்போது இருந்ததில்லை.

உடும்பஞ்சோலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஏலக்காய் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். காய் உலர்த்துகிற ஸ்டோருக்குப் பின்னால் படுக்கை. சுவருக்கு அந்தப் பக்கம் நெருப்பு, இந்தப் பக்கம் மழை. முதுகு வேகும், மார்பு விறைக்கும். நடுவில் அட்டை கடித்த இடத்தைச் சொறிந்துகொண்டே தூங்கிவிடலாம். அதைப் பெரிய கஷ்டம் என்று அப்போது நினைக்கவில்லை. இப்போதும் நினைக்கவில்லை. பல்வலிதான் கஷ்டம்.

தோட்டத்து மானேஜரைத் துரை என்போம். வெள்ளைக்காரர் போய் ரொம்ப நாளாகியிருந்தது. இவர் எங்களைப் போலவே கறுப்பு. வார்த்தையை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. அவர் வேலையை விட்டுப் போனபோது பங்களாச் சாமான்களை ஏலம் போட்டார்கள். கூவியவர் ஹெட் கிளார்க் ஞானதாஸ். விலை கூவினாலும் சர்ச்சில் வேதம் வாசிப்பது மாதிரியே இருக்கும் அவர் குரல்.

துரை வீட்டில் ஒரு பாட்டு செட் இருந்தது. தட்டுச் சுற்றுகிற பிளேயர் ஒன்று. சத்தத்தைப் பெரிதாக்குகிற ஆம்ப்ளிஃபயர் என்று ஒரு கனத்த மரப்பெட்டி. சத்தம் வெளியே வருகிற ஸ்பீக்கர்கள் இரண்டு. எல்லாம் சேர்ந்தால்தான் பாட்டு. ஞானதாஸ் பிளேயரைத் தனியாகவும் மற்றதைத் தனியாகவும் ஏலத்தில் விட்டார்.

அன்றைக்குத் தேங்காய் லோடுடன் மலைக்கு வந்திருந்தவர் நாச்சிமுத்துக் கவுண்டர். பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளிக்காரர். சொந்த வயல், சொந்தத் தோப்பு, சொந்த லாரி. வேடிக்கை பார்க்க உள்ளே வந்தவர், சாமான்களை வெளியே தூக்கி வைத்துக்கொண்டிருந்த என்னிடம் கேட்டார்.

“ஏப்பா, இதுல எது நெம்பக் கனம்?”

ஆம்ப்ளிஃபயரைக் காட்டினேன். அடுத்தது ஸ்பீக்கர் என்றேன்.

“அப்ப அதுதான் சரக்கு. கனமில்லாதது மாடுமில்ல, மனுசனுமில்ல.”

கனமானதை அவர் எடுத்தார். இலேசான பிளேயரை, போட்டிக்கு ஒரு ஆள்கூட இல்லாமல், ஞானதாஸ் தம் பெயருக்கே முடித்துக்கொண்டார். பிற்பாடு கேள்விப்பட்டேன், அவருக்கும் பாட்டு வரவில்லையாம். பிளேயரின் கண்ணாடி மூடியை மட்டும் கழற்றிக் கிறிஸ்மஸ் கேக்கை மூடி வைத்தாராம். இரண்டு கெட்டிக்காரர்கள் ஒரு பாட்டை ஆளுக்குப் பாதியாக வாங்கியது இப்படித்தான்.

“நீயும் ஏறிக்கோ. எறக்கி வெச்சுட்டுப் போலாம்,” என்றார் கவுண்டர். ஏறிக்கொண்டேன். போக வேறு இடம் இருந்தால் யோசித்திருப்பேன்.

போடிமெட்டு இறங்கி, பழனி, பொள்ளாச்சி வந்து, மறுபடி கேரளத்துக்குள் நுழைந்தோம். அப்போது தமிழ்நாட்டு அரிசியை இந்தப் பக்கம் கொண்டுவருவது குற்றம். வழியில் ஒரு செக்போஸ்டில் ஸ்பீக்கரைக் காட்டி “அரி உண்டோ?” என்று கேட்டார்கள். இல்லை, இது பாட்டுப் பெட்டி என்றேன். பாட்டுக்கு இவ்வளவு பெரிய பெட்டியா என்று திருகாணியைக் கழற்றி உள்ளே கைவிட்டுத் துழாவினார்கள். அரிசி இல்லாதது அவர்களுக்குப் பெரிய ஏமாற்றம். திரும்ப மாட்டிக் கொடுத்தது நான். ஒரு திருகாணி மிஞ்சியது. அதை எதற்கும் இருக்கட்டும் என்று இடுப்பில் முடிந்துகொண்டேன்.

ஓங்காரம்

செட் வந்து இறங்கிய அன்று சாயங்காலம் ஊரில் பாதி கவுண்டர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தது. ஸ்பீக்கர்களை இரண்டு கவிழ்த்த கூடைகளின்மேல் வைத்தேன். ஆம்ப்ளிஃபயரின் வயரைச் சொருகியதும் சிவப்பாக ஒரு சின்ன பல்பு எரிந்தது. கூட்டம் ‘ஆ’ என்றது.

பிறகு ஒரு சத்தம் வந்தது. ம்ம்ம்ம்ம் என்று.

“வருது, வருது,” என்றார் கவுண்டர்.

கால் மணி நேரம் ம்ம்ம்ம்ம் மட்டுமே வந்தது. யாரும் எழுந்து போகவில்லை. கவுண்டர் வீட்டில் காப்பி கொடுப்பார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

“ஓங்காரமுங்க. சாமி சத்தம். காசு குடுத்தாலும் கேக்க முடியாதுங்க.”

கவுண்டரின் மனைவி பாவாத்தா கதவோரம் நின்றுகொண்டிருந்தார். “மோட்டார் ரூமுல தெனமும் இதே ஓங்காரந்தான கேக்குது? அதுக்குத் தண்ணியாச்சும் வருது,” என்றார்.

கூட்டம் கலைந்த பிறகு மெதுவாகச் சொன்னேன். “துரை ஊட்டுல இதுகூட ஒரு தட்டு சுத்துமுங்கய்யா. அதுமேல ஒரு ஊசி வெப்பாரு.”

“அத ஏன்டா அங்கயே சொல்லல?”

“கனம் எதுன்னுதானுங்க கேட்டீங்க.”

இப்படிப் பெட்டிக்கு இன்னொரு துண்டு உண்டு என்ற ஒரே தகவலால் நான் அந்த வீட்டின் இசை நிபுணன் ஆனேன். அதுவரை எனக்கும் அந்த இயந்திரத்துக்கும் இருந்த உறவு, அதை முதுகில் சுமந்தது மட்டும்தான். ஞானதாசிடம் கேட்டு வாங்கலாமே என்றேன்.

“அவங்கிட்டப் போயி நிக்கறதா? கம்மி வெலைல புதுசு ஒண்ணு பாரு. இந்தப் பெட்டிக்கு ஒத்து வரோணும், அவ்வளவுதான். பட்டிப்பொங்கலுக்குச் சகலை வர்றாரு. அன்னிக்கு இது பாடோணும். பாடலீன்னா, வந்த லாரிலயே நீ ஏறிக்கோ.”

சகலை என்றால் பாவாத்தாவின் தங்கை புருஷன், பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் பெரிய பண்ணைக்காரர். அவர் வீட்டில் ஒரு ரேடியோகிராம் இருந்தது. போன நோம்பி விருந்துக்குப் போனபோது அதன்மேல் கைவைத்த கவுண்டரைப் பார்த்து, “மெல்லங்க சகல, ஒடைஞ்சிரப் போகுது,” என்று அவர் சொன்னதாகவும், அன்றிலிருந்துதான் இந்த வீட்டில் பாட்டு நோய் பிடித்ததாகவும் பாவாத்தா சொன்னார்.

எனக்குக் கொடுத்திருந்தது மோட்டார் ரூம். ஓடு போட்ட கூரை, ஒழுகாது. மோட்டார் ஓடி நின்ற பிறகு அதன்மேல் முதுகைச் சாய்த்தால் இதமான சூடு. மூன்று வேளைச் சோறு. மூன்று வேளைச் சோறு என்பதை அதற்கு முன் நான் கேள்விப்பட்டிருந்தேன், அவ்வளவுதான். அந்தப் பெட்டி பாடியே ஆக வேண்டும் என்று சகலையைவிட, கவுண்டரைவிட, நான் வேண்டிக்கொண்டதற்குக் காரணம் இதுதான்.

பாடைச்சுழி

கடைக்காரர் கல்பாத்திக்காரர். விச்சு சாமி என்பார்கள். மேசைமேல் மூன்று பிளேயர்களை எடுத்து வைத்தார். முதலாவது பேட்டரியில் ஓடுகிற சின்னது, சிவப்புப் பிளாஸ்டிக். “இது கன்னுக்குட்டி,” என்று கவுண்டர் ஒதுக்கிவிட்டார்.

மற்ற இரண்டும் மரப்பெட்டி. ஒன்று பளபளவென்று மெல்லிய கை உடையது, துரை வீட்டில் பார்த்தது மாதிரியே. இன்னொன்று சாதாரணம், தடித்த கை, விலையும் பாதிதானாம். விச்சு என்னைப் பார்த்துப் பேசினார். நான்தானே நிபுணன்.

“பிளேயர்ல ரெண்டு ஜாதியாக்கும், கேட்டேளா. இந்தப் பளபளப்பு இருக்கே, இது காந்த ஊசி. கிசுகிசுன்னுதான் பேசும், ஆம்ப்ளிஃபயர்தான் அதைப் பெரிசாக்கணும். இந்தத் தடிச்ச கை இருக்கே, இது கிரிஸ்டல் ஊசி. பொறக்கறபோதே கத்திண்டு பொறக்கும். ரெண்டும் பாடும், சொருகற எடந்தான் வேற. உங்க ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னாடி ரெண்டு ஓட்டை இருக்கணுமே?”

“இருக்கு சாமி.”

“என்ன எழுதியிருக்கு?”

நான் பள்ளிக்கூடத்தை விட்டபோது இங்கிலீஷில் பதினோரு எழுத்து நடந்திருந்தது. மீதிப் பதினைந்தையும் நான் இல்லாமலே நடத்திக்கொண்டார்கள். பெட்டியின் பின்னால் இருந்தது பெரும்பாலும் அந்தப் பதினைந்து.

“எல்லாம் இங்கிலீஷ்லதான் எழுதியிருக்கு,” என்றேன் கம்பீரமாக.

“அப்போ கவலையில்லை. கிரிஸ்டலை எடுத்தேள்னா, அதைக் கொண்டுபோயி காந்தத்தோட ஓட்டையிலே மாத்திரம்—”

“தெரியும் சாமி,” என்று வெட்டினேன். கவுண்டர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிபுணன் கடைவீதியில் நின்று பாடம் கேட்கக் கூடாது.

கவுண்டருக்கு ஊசியைப் பற்றிய பேச்சு காதில் ஏறவில்லை. அவர் இரண்டு பெட்டிகளின் மூடிமேலும் விரலை ஓட்டி, குனிந்து, தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மாடு வாங்கும்போது இப்படித்தான் சுழி பார்ப்பார்கள். தோலில் மயிர் சுழன்றிருக்கும் இடத்தையும் திசையையும் வைத்து, வீட்டுக்கு ஆகுமா ஆகாதா என்று சொல்லிவிடுவார்கள். பற்களை எண்ணுவதெல்லாம் அதற்குப் பிறகு.

பளபளப்பான பெட்டியின் மூடியில் ஒரு கணு இருந்தது. கவுண்டர் சட்டென்று கையை எடுத்துவிட்டார்.

“பாடைச்சுழி.”

“என்னது?”

“இது வந்த ஊட்டுல எழவு உழுகுமுங்க. வேண்டாம், மூடி வைங்க.”

“ஓய், இது மரம் ஓய். மாடு இல்லை.”

“மரமும் உசிருதானுங்க.”

சாதாரணப் பெட்டியின் மூடியில் ஒரு கோடு, பூரான் மேலே ஏறுவது மாதிரி, சின்னச் சின்னக் கால்களோடு போயிருந்தது. கவுண்டரின் முகம் மலர்ந்தது. “ஏறுபூரான்! இது இருக்கற எடம் ஏறிக்கிட்டே போகுமுங்க.” விலையும் பாதி என்பது அந்தப் பூரானுக்கு இன்னும் இரண்டு கால்கள் சேர்த்திருக்கும்.

அதன் பிறகுதான் துண்டு, விரல், கூச்சம் எல்லாம். என்ன விலைக்கு முடிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. விச்சுவுக்கே தெரிந்ததா என்பது சந்தேகம். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வழிய, “ஏதாவது குடும் ஓய், கையை விட்டாப் போதும்,” என்றார். கொசுறாகக் கீறல் விழுந்த ஒரு நாதஸ்வரத் தட்டையும் கொடுத்தார்.

துரையின் ஓட்டை

வீட்டுக்கு வந்ததும் வைத்துப் பார்த்துவிடலாம் என்றேன். கவுண்டர் விடவில்லை. புதுக் காளையைக் கண்ட நேரத்தில் ஏரில் பூட்டுவார்களா? பட்டிப்பொங்கல் சாயங்காலம் நல்ல நேரத்தில், சகலைக்கு முன்னால்தான் முதல் பாட்டு. அதுவரை பிளேயர் மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டு நெல் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தது.

எனக்கு நாலைந்து நாள் அவகாசம். தினமும் ஆம்ப்ளிஃபயரைத் திருப்பி வைத்து அந்த இரண்டு ஓட்டைகளைப் பார்ப்பேன். மேலே ஒன்று, கீழே ஒன்று. விச்சு சொல்ல வந்து நான் வெட்டிய வாக்கியத்தின் மீதி அந்த இரண்டில் ஒன்றுக்குள் இருந்தது. இன்னொரு தடவை பாலக்காட்டுக்குப் போய்க் கேட்டு வந்திருக்கலாம். என்ன சொல்லிவிட்டுப் போவது? தெரியாது என்றா?

கடைசியில் நானே கண்டுபிடித்தேன். மேல் ஓட்டை தேய்ந்து பளபளப்பாக இருந்தது. கீழ் ஓட்டையில் தூசி அடைந்து, ஒரு சிலந்தி முட்டைகூட இருந்தது. ஆக, துரை சொருகியது மேல் ஓட்டையில்தான். துரை செய்தால் அது சரியாகத்தான் இருக்கும். மலையில் எனக்குப் படிப்பென்று யாராவது எதையாவது கற்றுக் கொடுத்திருந்தால், அது அந்த ஒன்றுதான்.

பட்டி பெருகட்டும்

பட்டிப்பொங்கல் அன்று மாட்டுக் கொட்டத்துக்கு முன்னால் சாணி மெழுகி, நடுவில் சாணிக்கரை கட்டிச் சின்னத் தெப்பக்குளம் ஒன்று செய்து, பாலும் தண்ணீரும் ஊற்றி, ஆவாரம்பூ மிதக்கவிட்டிருந்தார்கள். மாடுகள் அதைத் தாண்டி மிதித்து வர வேண்டும். கொம்புகளுக்கு வர்ணம், கழுத்தில் புது மணி. மூன்று பானைகளில் பொங்கல் கொதித்தது. பால் தீய்ந்த மணமும் புதுக் கயிற்றின் மணமும் கலந்து வந்தது.

சகலை சென்னியப்பக் கவுண்டர் வெள்ளைவெளேரென்று கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கொட்டத்தின் இரண்டு பக்கமும் ஸ்பீக்கர்கள்.

“ஏனுங் சகல, பெட்டி பெருசாத்தான் இருக்குது. உள்ள ஏதாச்சும் இருக்குதுங்களா?”

“கேட்டுட்டுச் சொல்லுங்க,” என்றார் கவுண்டர். என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

மேல் ஓட்டையில் சொருகினேன். தட்டு சுற்றியது. ஊசியை வைத்தேன்.

அதை எப்படிச் சொல்வது? எருமை ஒன்று தகரக் கொட்டகையைத் தின்றால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. நாதஸ்வரம் எங்கோ அதன் வயிற்றுக்குள் கிடந்து செத்துக்கொண்டிருந்தது. தவில் ஒவ்வொரு அடிக்கும் நெஞ்சில் உதைத்தது. ஓட்டுக் கூரையிலிருந்து தூசி கொட்டியது.

முதலில் கிளம்பியது மயிலைக் காளை. ராஜசுழி உள்ள காளை, கவுண்டரின் உயிர். தெப்பக்குளத்தை அது மிதிக்கவில்லை, பறந்தது. பின்னால் அதன் ஜோடி. ஒரு பானை உருண்டது. கட்டில் கவிழ்ந்தது. சகலை எழுந்தபோது வெள்ளை வேட்டியில் தெப்பக்குளம் முழுக்க, ஆவாரம்பூவோடு, ஏறியிருந்தது.

நான் பெட்டிக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். பாவாத்தாதான் கத்தினார்.

“அந்தக் கயித்தப் புடுங்கித் தொலைங்க!”

யாரும் அசையவில்லை. அவரே வந்து கரண்டு வயரைப் பிடித்து இழுத்தார். பூமி அமைதியானது. மேடை போட்டு விழா நடத்துகிற எல்லா ஊர்களுக்கும் பாவாத்தா மாதிரி ஒரு ஆள் வேண்டும் என்று அப்போதும் நினைத்தேன், பிறகும் பல ஊர்களில் நினைத்திருக்கிறேன்.

காளைகளை வாய்க்கால் மேட்டிலிருந்து பிடித்துக்கொண்டு வரும்போது விளக்கு வைத்தாகிவிட்டது. சகலை வேறு வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“மாட்டுக்குப் பாட்டுப் போட்டீங்களா சகல, மாட்டத் தொரத்தப் போட்டீங்களா? சொல்லியிருந்தா என்னையும் கொட்டத்துக்குள்ளயே கட்டிப் போடச் சொல்லியிருப்பனுங்க.”

நான் மோட்டார் ரூமுக்குப் போய் இருந்த இரண்டு சட்டைகளையும் மடித்து வைத்தேன். லாரி காலையில்.

கயிறு

காலையில் கவுண்டர் ஆம்ப்ளிஃபயரை வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னார். கவிழ்க்கச் சொன்னார். குனிந்து அடிப்பலகையைத் தடவினார். அங்கே ஒரு கணு, நடுவில் பிளந்து.

“பாத்தியா? பாடைச்சுழி. குத்தம் பிளேயர்ல இல்ல, இந்தப் பெட்டில இருந்திருக்குது. அன்னிக்கு மலைல அடியப் பாக்காம உட்டுட்டேன்.”

ஏறுபூரான் பொய்யாக முடியாது. ஆகவே வேறு ஏதாவது பொய்யாக வேண்டும். இதில் என்னை ஏன் குற்றம் சொல்லாமல் விட்டார் என்றால், நான் சுழி உள்ள பிராணி இல்லை.

சகலை பல் குச்சியோடு வந்து பெட்டியைப் பார்த்தார். ஒரு பக்கம் தூக்கிக் கனம் பார்த்தார். அவர் கண்ணில் ஒரு நினைப்பு ஓடியதை நானே பார்த்தேன். இந்த வீட்டில் ஊளையிட்ட பெட்டி தன் வீட்டில் பாடினால்?

“ஒருத்தருக்கு ஆகாத சுழி இன்னொருத்தருக்கு ஆகுமுங்க சகல,” என்றார்.

துண்டு விழுந்தது. இரண்டு பேரும் வெவ்வேறு தென்னைமரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். துண்டுக்குள் சண்டை நடந்தது. முடிந்ததும் இரண்டு முகங்களிலும் ஜெயித்த களை. அதுவும் அந்த முறையின் வசதி.

பெட்டியையும் ஸ்பீக்கர்களையும் லாரியில் ஏற்றும்போது சகலை என்னைக் காட்டினார். “இந்த மலைக்காரனையும் அனுப்பி வைங்க. பெட்டியத் தெரிஞ்சவனாச்சே.”

அவர் பண்ணையில் ஆட்களுக்குக் களியை உருண்டை எண்ணிப் போடுவார்கள் என்று டிரைவர் சொல்லியிருந்தார். அங்கே போய் மறுபடி அதே மேல் ஓட்டை, அதே எருமை.

கவுண்டர் ஆம்ப்ளிஃபயர் பக்கம் போனார். பின்னால் சொருகியிருந்த கரண்டு வயரைப் பிடுங்கினார். சுருட்டித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

“மாட்டக் குடுத்தாக் கயித்தக் குடுக்கற வழக்கமில்லீங்க சகல. கயிறு போனா ஊட்டு லச்சுமி கூடப் போயிரும்.”

“அது வயருங்க!”

“அதத்தான் கயிறுங்கறேன். புதுசு வாங்கிக் கட்டிக்கோங்க.” பிறகு என் பக்கம் கையைக் காட்டினார். “இவனும் கயிறுதானுங்க. பெட்டியக் கட்டி இழுத்துக்கிட்டு வந்தவன். இவனும் வரமாட்டான்.”

வாழ்க்கையில் என்னை நிறையப் பேர் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். கயிறு என்று சொன்னபோது அடைந்த நிம்மதியை வேறு எந்தப் பட்டமும் தரவில்லை. லாரி போனதும் சட்டைகளைப் பிரித்துக் கொடியில் போட்டேன். வயர் கொட்டத்து ஆணியில், மூக்கணாங்கயிறுகளோடு தொங்கியது.

விச்சு முடித்த வாக்கியம்

கொஞ்ச நாள் கழித்து மோட்டாருக்கு ஒரு சாமான் வாங்கப் பாலக்காட்டுக்கு அனுப்பினார்கள். விச்சு என்னைக் கண்டதும் வலது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

“வாரும், வாரும். பிளேயர் பாடித்தா?”

எருமை கதையைச் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. “எந்த ஓட்டையிலே சொருகினேள்?”

“மேல, சாமி. துரை சொருகுன ஓட்டை.”

நெற்றியில் அடித்துக்கொண்டார். “துரை வச்சிண்டிருந்தது காந்த ஊசியாக்கும்! அது கிசுகிசுக்கறவனோட ஓட்டை. இந்தக் கத்தறவனை அதிலே சொருகினா, கத்தறதை இன்னும் நூறு மடங்கா கத்தும். கீழ் ஓட்டையிலே சொருகியிருந்தேள்னா ஜோரா பாடியிருக்கும் ஓய். அந்த ஆம்ப்ளிஃபயருக்கு அந்த விலையிலே அதைவிடப் பொருத்தமா ஒரு பிளேயர் இந்தப் பாலக்காட்டிலேயே கிடையாது!”

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அறுத்த வயல்களைப் பார்த்துக்கொண்டு கணக்குப் போட்டேன். கவுண்டர் பூரானைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பிளேயர் சரியான பிளேயர். கனம் பார்த்து வாங்கிய பெட்டியும் நல்ல பெட்டி. நிபுணன் என்று கூட்டிப் போன ஒருவன்தான் பழுது. இதைச் சொன்னால் சகலையிடமிருந்து பெட்டியைத் திருப்பிக் கேட்க வேண்டும். கேட்டால் கவுண்டருக்கு மானம் போகும். அதற்குமுன் எனக்கு மோட்டார் ரூம் போகும்.

நல்லேப்பிள்ளியில் இறங்கும்போது முடிவு செய்துவிட்டேன். அதிகம் யோசிக்கத் தேவையில்லாத முடிவு.

அன்று சாயங்காலம் கவுண்டர் கூப்பிட்டார். “ஏப்பா, அந்தப் பிளேயரக் கொண்டா. சும்மா கெடந்தா எலி கடிச்சுப் போடும்.”

கட்டில்மேல் வைத்துச் சொருகினேன். தட்டு சுற்றியது. ஊசியை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஆம்ப்ளிஃபயர் இல்லை, ஸ்பீக்கர் இல்லை. என்ன கேட்கப் போகிறது?

கவுண்டர் குனிந்தார். இன்னும் குனிந்தார். காது ஊசிக்கு ஒரு விரற்கடை தூரத்துக்கு வந்தது. முகம் மாறியது. என்னையும் குனியச் சொல்லிக் கையை அசைத்தார்.

நானும் குனிந்தேன். ஊசியும் தட்டும் உரசுகிற இடத்திலிருந்து நாதஸ்வரம் வந்துகொண்டிருந்தது. கொசு ஒன்று கச்சேரி செய்தால் அவ்வளவு சத்தம் இருக்கும். ஆனால் சுத்தமாக, ஒரு பிசிறும் இல்லாமல், கீறல் வந்த இடத்தில் மட்டும் ஒரு சின்ன விக்கலோடு. எங்கள் இரண்டு பேர் தலைகளும் முட்டிக்கொண்டிருந்தன. அவர் காதோரம் விபூதியும் வியர்வையும் மணத்தது.

“பாடுது பாத்தியா,” என்று கிசுகிசுத்தார் கவுண்டர், சத்தமாகப் பேசினால் பாட்டு பறந்துவிடும் என்பதுபோல. “சுழி பாத்து வாங்குனது பொய்யாகாது. நான் வாங்குனது சரியாத்தான் இருந்திருக்குது.”

“ஆமாங்க,” என்றேன். அந்தப் பெட்டியைப் பற்றி நான் அந்த வீட்டில் சொன்னவற்றில் கலப்படமில்லாதது அது ஒன்றுதான்.

உள்ளேயிருந்து பாவாத்தா சோற்றுக்குக் கூப்பிட்டார். போனேன்.